புது மாநகரில் நாலு பேருக்கு முகம் தெரிந்தவராவது எப்படி?

பெரிய நகரத்துக்குக் குடிவந்த புதிதில் எல்லோருக்கும் ஒரு வேகம் இருக்கும். பார்க்க வேண்டிய இடங்களை ஒரு பட்டியலாக எழுதி, விடுமுறை நாள்தோறும் ஒவ்வொன்றாக முடிப்போம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாநகரின் பெரிய விழாக்கள் ஒன்றையும் விடவில்லை. பல்லாயிரம் பேர் கூடிய திடல்களில் நின்று பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும்போது, அத்தனை பேரில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

சில மாதம் கழித்து, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த நூலகத்தின் வாசிப்புக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். சனிக்கிழமைதோறும் நடக்கும். ஒரு மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். இரண்டு வாரம் போனேன், மூன்றாம் வாரம் போக முடியவில்லை. நான்காம் வாரம் உள்ளே நுழைந்ததும் ஒரு பெரியவர், "போன வாரம் ஆளைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அந்த ஊரில் என்னைக் காணவில்லை என்று கவனித்த முதல் மனிதர் அவர். அன்றிலிருந்துதான் அது என் ஊரானது.

புதிதாக வருபவர் யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: பக்கத்தில் நடப்பது, சின்னதாக நடப்பது, திரும்பத் திரும்ப நடப்பது. இந்த மூன்றும் சேர்ந்த நிகழ்ச்சியைத் தேடுங்கள். எப்படித் தேடுவது, போய் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வாரம்: கால்மணி நேர வட்டம்

உங்கள் வாசலிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கால்மணி நேரத்தில் எட்டக்கூடிய இடம்தான் இப்போதைக்கு உங்கள் ஊர். முழு மாநகரம் அப்புறம்.

ஃபோனில் வரைபடத்தைப் பார்க்காமல் நடங்கள். ஒரே தெருவைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை பாருங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு தெருக்களாகத் தெரியும். காலையில் வெறிச்சோடிக் கிடக்கும் பூங்கா மாலையில் பிள்ளைகளால் நிறைந்திருக்கும். எப்போதும் பூட்டிக் கிடக்கும் சமூகக் கூடம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் விளக்கு எரிய, ஆட்களோடு இருக்கும். அந்த ஒரு நாளைக் கண்டுபிடிப்பதுதான் இந்த நடையின் பயன்.

அறிவிப்புப் பலகைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நூலக வாசல், மருந்துக்கடைச் சுவர், பள்ளியின் வேலி, வழிபாட்டிடத்தின் முகப்பு, அடுக்குமாடியின் லிஃப்ட் பக்கம், சலவைக்கடை. ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நோட்டீஸையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படிக்கலாம். இணையத்தில் ஏறாத நிகழ்ச்சிகள் நிறைய உண்டு. பத்துப் பேர் கூடும் கூட்டத்தை நடத்துபவர் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்வார், அதற்கு மேல் அவருக்குத் தேவையும் இல்லை.

அதே வாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு சில விஷயங்களும் உண்டு. குப்பை எடுக்கும் நாள் எது, அதை எப்படிப் பிரித்து வைக்க வேண்டும், கடைசி பஸ் அல்லது ரயில் எத்தனை மணிக்கு, இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை எது, அவசர உதவி எண் என்ன. பல நாடுகளில் கைப்பேசியிலிருந்து 112 வேலை செய்யும். உங்கள் ஊரின் எண்ணையும் சேர்த்துப் பதிந்து வையுங்கள்.

ஒரே கடை, ஒரே நேரம்

இரண்டாவது படிக்கு எந்த முயற்சியும் வேண்டாம், பிடிவாதம் மட்டும் போதும். சாமான் வாங்க ஒரே கடைக்குப் போங்கள். வேலைக்குப் போகும்போது ஒரே நேரத்து பஸ்ஸில் ஏறுங்கள், ரயில் என்றால் முடிந்தவரை ஒரே பெட்டியில். ஒரே பூங்காவில், ஒரே நேரத்தில் நடங்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 1992இல் ரிச்சர்ட் மோர்லண்ட், ஸ்காட் பீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஒரு வகுப்பில் நான்கு பெண்களைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் வகுப்புக்கு வரவே இல்லை, மற்றவர்கள் 5, 10, 15 தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பருவ இறுதியில் மாணவர்களிடம் நால்வரின் படங்களையும் காட்டிக் கேட்டபோது, எத்தனை அதிகம் தடவை வந்திருந்தாரோ அத்தனை அதிகமாக அவரைப் பிடித்திருந்தது. சும்மா கண்ணில் பட்டுக்கொண்டிருப்பதற்கே இவ்வளவு பலன் உண்டு.

ஆனால் கண்ணில் படுவது தானாகப் பேச்சாக மாறிவிடாது. 1972இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நியூயார்க் பகுதி ரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருந்தவர்களிடம் விசாரித்தபோது, ஒவ்வொருவருக்கும் சராசரியாக நான்கு பேரின் முகம் நன்றாகத் தெரிந்திருந்தது, ஆனால் அவர்களோடு ஒரு தரம்கூடப் பேசியதில்லை. வருடக்கணக்கில் பக்கத்தில் நின்றும் பேச்சு இல்லை. ஆகவே மூன்று வாரம் ஆனதும் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். தலையசைப்பு போதும். அடுத்த வாரம் "இன்று வண்டி தாமதம் போலிருக்கிறது" என்று ஒரு வரி. வண்டி தாமதமாகும் நாள், மழை பிடித்துக்கொண்ட நாள், மின்சாரம் போன நாள் எல்லாம் பேச்சுத் தொடங்க நல்ல நாட்கள். அன்று யாரும் யாரையும் அந்நியராகப் பார்ப்பதில்லை.

கடைக்காரரோடு, காவலாளியோடு, நடத்துநரோடு இரண்டு வார்த்தை பேசுவதை நட்பு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அன்றாடம் இப்படிப்பட்ட மேலோட்டமான பழக்கங்கள் அதிகம் வாய்க்கும் நாட்களில் மனிதர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பதை ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற உளவியலாளர்கள் 2014இல் காட்டினார்கள். தனியாகக் குடிவந்தவருக்கு இது சின்ன விஷயமில்லை. சில நாட்களில் உங்கள் குரலை நீங்களே கேட்பது அந்தக் கடை வாசலில் மட்டும்தான் என்றாகிவிடும்.

பக்கத்து வீட்டுக் கதவு

இதைத் தள்ளிப்போடாதீர்கள். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் இருபக்கத்துக் கதவுகளையும் தட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் போய் "நான் பக்கத்து வீடு" என்று சொல்வது இரு தரப்புக்குமே சங்கடம். வந்த புதிதில் சொன்னால் அது இயல்பான மரியாதை.

என்ன பேசுவது? பெயர், எந்த வீடு, எப்போது வந்தோம், அவ்வளவு போதும். அப்புறம் ஒரு சின்ன சந்தேகம் கேளுங்கள்: குப்பை என்றைக்கு எடுப்பார்கள், தண்ணீர் நின்றால் யாரைக் கூப்பிடுவது? பதில் உங்களுக்கே தெரிந்திருந்தாலும் கேட்கலாம். உதவி கேட்கப்பட்டவர் அடுத்த முறை படிக்கட்டில் பார்க்கும்போது "குப்பை எடுத்தார்களா?" என்று அவரே தொடங்குவார். இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், உள்ளே வரச் சொன்னால்கூட முதல் நாள் "இன்னொரு நாள் வருகிறேன்" என்பதே நல்லது.

பக்கத்து வீடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குடியிருப்பில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1950இல் வெளியிட்டது. அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்களில் 41 சதவீதம் பேர் ஒருவரையொருவர் நண்பர் என்றார்கள். அதே மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களிடம் அது 10 சதவீதம்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். உங்கள் வீடு கோடியில் இருந்தால் என்ன செய்வது? படிக்கட்டுப் பக்கம், தபால்பெட்டிப் பக்கம், கட்டடத்து வாசல் பெஞ்சில் சற்று நேரம் செலவழியுங்கள். வீட்டை மாற்ற முடியாது, நிற்கும் இடத்தை மாற்றலாம்.

1999இல் பாரிஸின் 17ஆம் வட்டாரத்தில் அட்டனாஸ் பெரிஃபான் என்பவர் அண்டை வீட்டார் நாள் ஒன்றைத் தொடங்கினார். அடுக்குமாடியில் ஒரு மூதாட்டி இறந்து நெடுநாள் கழித்தே தெரியவந்த சம்பவம் அவரை உலுக்கியிருந்தது. முற்றத்தில் எல்லோரும் நாற்காலி போட்டு உட்காருவதுதான் நிகழ்ச்சி. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. உங்கள் கட்டடத்தில் அப்படி ஏதாவது நடந்தால் வேறு வேலை இருந்தாலும் கால்மணி நேரமாவது தலையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

நூலக அட்டை

முகவரிச் சான்று கையில் வந்த அன்றே போய் உறுப்பினராகிவிடுங்கள். புத்தகம் படிக்கும் பழக்கம் இல்லாவிட்டாலும் சரி. காசு கொடுக்காமல், எதுவும் வாங்காமல், மணிக்கணக்கில் உட்காரக்கூடிய கூரை மாநகரத்தில் அதிகம் கிடையாது. பொது நூலகம் அதில் ஒன்று. பிள்ளைகளுக்குக் கதை நேரம், மொழிப் பயிற்சி, கணினிப் பயிற்சி, வாசிப்புக் கூட்டம் என்று பல நூலகங்களில் ஏதாவது ஒன்று வாரந்தோறும் நடக்கும். நூலகரிடம் "இந்தப் பக்கத்தில் வாராவாரம் நடக்கும் கூட்டங்கள் என்னென்ன?" என்று நேரே கேளுங்கள். தம் நூலகத்தில் நடப்பது மட்டுமில்லை, அடுத்த தெருவில் நடப்பதையும் சொல்வார்.

எந்த நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது?

இப்போது உங்கள் ஃபோனில் இருபது நோட்டீஸாவது படமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் போக வேண்டாம். முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள்.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அண்மையில் புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும், கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்தது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது, நல்ல நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அலுவலகத்தில் சேர்ந்து வேலை பார்த்த நேரம் இதில் அவ்வளவாக உதவுவதில்லை, வேலைக்கு வெளியே கழித்த நேரம்தான் உதவுகிறது.

வாரம் இரண்டு மணி நேரம் நடக்கும் ஒரு கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். 25 வாரத்தில், அதாவது அரை வருடத்தில், 50 மணி நேரம் வந்துவிடும். 45 வாரத்தில் 90. வருடத்துக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் நடக்கும் பெருவிழாவில் இதே 50 மணி நேரம் சேர 12 வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒவ்வொரு வருடமும் அதே ஆட்கள் பக்கத்தில் நின்றால். ஆறு மாதம் ஆகியும் யாரும் அமையவில்லையே என்று மனம் ஒடிந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். குறை அவர்களிடம் இல்லை, மணிக்கணக்கு இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நோட்டீஸைப் படிக்கும்போது மூன்றைப் பாருங்கள். வாரந்தோறும் நடக்கிறதா? இருபது முப்பது பேருக்குள் அடங்குமா? கைக்கு ஏதாவது வேலை இருக்கிறதா? மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. வெறுமனே பேசிப் பழகும் கூட்டம் கூச்ச சுபாவம் உள்ளவருக்குப் பெரிய சோதனை. செடி நடுவது, சுவரில் வரைவது, பந்தாட்டம், சேர்ந்து பாடுவது, தையல், சதுரங்கம் என்று ஒரு வேலை இருந்துவிட்டால் பேச்சு அதன் ஓரத்தில் தானாக நடக்கும், மௌனமும் உறுத்தாது.

பல நாட்டு நகரங்களில் பரவியிருக்கும் சில கூட்டங்களின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் தேட எளிது. பார்க்ரன் 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கியது. சனிக்கிழமைதோறும் காலையில் 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, ஓட முடியாதவர்கள் நடக்கலாம், நடத்துபவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். ரிப்பேர் கஃபே 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா தொடங்கியது. பழுதான மின்விசிறியையோ கிழிந்த பையையோ எடுத்துப் போனால், அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்யலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கெட்டுப்போன ஒரு பொருள் கையில் இருந்தால் எதற்காக வந்தோம் என்று யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. நகரவியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007இல் டொரண்டோவில் தொடங்கிய ஜேன்ஸ் வாக் வருடம் ஒருமுறைதான், மே மாத வாக்கில். ஆனால் அந்தப் பகுதியில் பலகாலம் வாழ்ந்தவர்களே தெருக்களைச் சுற்றிக்காட்டுவார்கள் என்பதால் புதியவருக்கு அருமையான வாய்ப்பு. இவை எதுவும் உங்கள் பகுதியில் இல்லாவிட்டாலும் இதே மாதிரி வேறு பெயரில் ஏதாவது இருக்கும்.

ஒரே ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மிஞ்சினால் இரண்டு.

முதல் தடவை போகும்போது

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். எல்லோரும் வந்து சின்னச் சின்ன வட்டமாக நின்று பேச ஆரம்பித்த பிறகு நுழைவது கடினம். முன்னால் போனால் அங்கே நடத்துபவர் மட்டும் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருப்பார். "நான் புதிது. நாற்காலி போட உதவட்டுமா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் அவருக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும், அடுத்து வருகிற ஒவ்வொருவரிடமும் அவரே அறிமுகம் செய்வார். இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். நாற்காலிகளை மடக்கி வைக்கும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் உண்மையான பேச்சு நடக்கும். வெளியே வந்ததும் கேட்ட பெயர்களை ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஓர் அடையாளத்தோடு: மகள் மருத்துவம் படிக்கிறாள், முழங்கால் வலி, பழைய வானொலி சேகரிப்பவர். அடுத்த வாரம் "முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மாறுவது தெரியும்.

முதல் நாள் பிடிக்காமல் போகலாம். பெரும்பாலும் பிடிக்காது. எல்லோரும் ஏற்கெனவே ஒன்றாக இருப்பது போலவும் நீங்கள் மட்டும் வெளியே நிற்பது போலவும் இருக்கும். நான்கு தடவை போன பிறகு முடிவு செய்யுங்கள். அப்போதும் மனம் ஒட்டாவிட்டால் வேறு கூட்டத்தைப் பாருங்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

நம் மொழிக்காரர்கள்

வேற்று மொழி பேசும் மாநகரமாக இருந்தால் சொந்த மொழிக்காரர்களின் சங்கத்தைத் தேடிப் போவது இயல்பு. தாராளமாகப் போங்கள். வாடகை ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்பதையெல்லாம் அவர்களைப்போல வேறு யாரும் பொறுமையாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அந்த வட்டத்துக்கு வெளியே இருங்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எடுத்துச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. பழக்கத்தின் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகவலைத் தந்தவர் நெருங்கியவர் இல்லை, எப்போதாவது பார்க்கிற ஒருவர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்தே இருக்கும், தள்ளி நிற்பவர்தான் புதுச் செய்தி கொண்டுவருவார்.

உள்ளூர் மொழியில் வணக்கம், நன்றி, எண்கள், உங்கள் தெருவின் பெயர் ஆகியவற்றையாவது சரியான உச்சரிப்போடு கற்றுக்கொள்ளுங்கள். தெருப் பெயரைச் சரியாகச் சொல்கிறவரை யாரும் வெளியூர்க்காரராக நடத்துவதில்லை.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

புதிதாக வந்தவர்களைத் தேடிவரும் ஏமாற்று வேலைகளும் உண்டு. சமூகக் கூட்டம் என்று அழைத்து, கடைசியில் உறுப்பினர் கட்டணம், முதலீடு, ஆள் சேர்ப்பு என்று போனால் எழுந்து வந்துவிடுங்கள். யார் நடத்துகிறார்கள் என்று நோட்டீஸில் இல்லையென்றால் விசாரிக்காமல் போகாதீர்கள். அடையாள அட்டையின் நகலைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். புதிதாகப் பழகியவரை முதல் சில தடவை பொது இடத்திலேயே சந்தியுங்கள், வீட்டு எண்ணைச் சொல்ல அவசரமில்லை. திரும்பி வரும் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் மாலைக் கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டும்.

குடியிருப்போர் சங்கம் அல்லது வட்டாரக் கூட்டம் இருந்தால் ஒருமுறை போய், ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு வாருங்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது, யார் சொன்னால் வேலை நடக்கும் என்பது ஒரே கூட்டத்தில் புரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் முதல் மாதம் படிக்க மட்டும் செய்யுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

இப்போது நீங்களே ஒன்றைத் தொடங்கலாம். பெரிதாக எதுவும் வேண்டாம். ஞாயிறு காலை ஒரு மணி நேர நடை, பூங்காப் பெஞ்சில் சதுரங்கம், பழைய புத்தகங்களை மாற்றிக்கொள்வது. அமெரிக்காவின் ஹட்சன் நகரில் டாட் போல் என்பவர் 2009இல் ஆசிரியையான தம் அம்மாவின் நினைவாகப் பள்ளிக்கூட வடிவில் ஒரு பெட்டி செய்து, புத்தகங்கள் நிரப்பி, வீட்டு வாசலில் வைத்தார். வேண்டியவர் எடுக்கலாம், இருப்பவர் வைக்கலாம். இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட பெட்டிகள் நிற்கின்றன.

நாள், நேரம், இடம் மூன்றையும் மாற்றாதீர்கள். கால் பக்க அளவில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை நூலகத்திலும் ஒன்றை உங்கள் கட்டடத்து வாசலிலும் ஒட்டுங்கள். முதல் வாரம் யாரும் வராமல் போகலாம், குறித்த நேரம் முடியும்வரை அங்கேயே இருங்கள். இரண்டாம் வாரம் ஒருவர் வந்தால் அவரோடு நடத்துங்கள். நோட்டீஸின் கடைசி வரியில் மட்டும் இதை மறக்காமல் எழுதிவிடுங்கள்: "புதிதாகக் குடிவந்தவர்களும் வரலாம். அடுத்த வாரமும் இதே நேரத்தில் இங்கேதான் இருப்போம்."